வியாழக்கிழமை கன்ட்ரோலர்

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது, ராய்ஸ் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒரு சிக்னலின் ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தான். வெர்னன் ஹெஸ் அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரது, இந்நேரத்துக்கு?"

"காரு," என்றான் ராய்ஸ், வாயில் ஒயரோடு.

"காருன்னு எனக்கும் தெரியுது."

வெர்னன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகால். மகள் கொலீன் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நிறைய நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு பாதியில் நின்றது.

அது ரயில்வே கடிகாரம். வெர்னனின் அடித்தள அறையில் மேஜை மேல் ஓடும் மாதிரி ரயில்கள் சின்னவை, தூரமும் சின்னது, அதனால் நேரம் மட்டும் வெளியுலகத்தைவிட நான்கு மடங்கு வேகமாக ஓடும். ஏதாவது பழுதானால் கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அவரே போட்ட விதி. காலையில் கெட்டுப்போன சிக்னலைப் பிரிக்கத் தொடங்கியதும் விதிப்படி நிறுத்தியிருந்தார். நிறுத்திய கடிகாரத்தையே அவ்வப்போது பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"கொலீன்," என்றார்.

மேஜைக்கு அடியில் ராய்ஸின் தலை பலகையில் இடித்தது.

"வந்துட்டாளா? நல்லதாப் போச்சு வெர்னன். நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு—"

"வாயை மூடிட்டுக் கிளம்பு."

மேலே போகாமல் கிளம்புவதற்கு ஒரே வழி, தோட்டத்துப் பக்கம் திறக்கும் கதவு. அதன் மேலே, கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் வெளியே நிற்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். இப்போது கொலீனின் பழுப்பு பூட்ஸ் தெரிந்தது. பக்கத்தில் பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஆண் ஷூ, பனிச் சேற்றில் எங்கே கால் வைப்பது என்று தயங்கி நின்றது.

"பின்பக்கமா நிறுத்தியிருக்கா," என்றார் வெர்னன். "எல்லாம் போச்சு."

கொலீனுக்கும் ராய்ஸுக்கும் ஒரு காலத்தில் நிச்சயமாகியிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய பிறந்தநாளில், மேலே எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை கீழே தாமதமான ஒரு நிலக்கரி ரயிலை மலையேற்றிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து, மெழுகுவர்த்தி அணைந்து, கேக்கைப் பாதி சாப்பிட்ட பிறகு மேலே வந்து, "ஏத்திட்டேன்," என்றான். கொலீன் மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

மகள் அழுவதைப் பார்த்த வெர்னன் மேஜையைத் தட்டிக் கத்தினார். "இனிமே அந்தப் பய இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது." அந்த ரயிலை ஏற்றச் சொன்னவர் அவர்தான் என்பதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை, எந்த ரயில் எப்போது போகலாம் என்று உத்தரவு கொடுக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் வெர்னன் தனியாக ரயில் விட்டுப் பார்த்தார். ஒரே சந்திப்பில் மூன்று சரக்கு ரயில்கள் முட்டிக்கொண்டன. ஒரு சந்தேகம் கேட்கத்தான் ராய்ஸுக்கு போன் செய்தார். போனில் புரியவில்லை. நேரில் வந்து விளக்கினான். அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் விளக்கிக்கொண்டிருக்கிறான்.

"வாசப்படியை மிதிக்கலையே," என்று மனைவி ஐரீனிடம் வெர்னன் வாதாடினார். "தோட்டத்துக் கதவுக்குப் படியே கிடையாது, வெறும் சரிவுதான்."

"கொலீன்கிட்டயும் இதைச் சொல்லு," என்றார் ஐரீன். "நல்லா சிரிப்பா."

வெர்னன் சொல்லவில்லை. கொலீன் அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு அடித்தள அறைக்கு வருவதையே விட்டிருந்தாள். ஆறு வயதில் காய்ந்த காட்டுச்செடித் தண்டில் பசை தடவி, பச்சைத் தூளில் புரட்டி, மலை முழுக்க மரம் நட்டவள் அவள். பின்சுவரில் ஐரீன் வரைந்த வானம். தண்டவாளத்தின் முதல் வட்டம் வெர்னனின் அப்பா கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் போட்டது. மூன்று தலைமுறை சேர்ந்து கட்டிய ஊரில், கன்ட்ரோலர் நாற்காலி முதலில் கொலீனுடையதாக இருந்தது. வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது ராய்ஸுக்கு விட்டுக்கொடுத்தாள். அதில் அவள் மறுபடியும் ஒருமுறை உட்கார வேண்டும் என்பதைத் தவிர வெர்னனுக்கு வேறு ஆசை இல்லை. ராய்ஸ் இங்கே இருப்பதைப் பார்த்தால் நாற்காலி இருக்கட்டும், வீட்டுப் பக்கமே வரமாட்டாள்.

புதன்கிழமை அவள் போனில் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "ஞாயித்துக்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்ப்பா. கல்யாணம் பத்திப் பேசணும். நீங்க கத்தக் கூடாது."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று வெர்னன் கத்தினார்.

இன்றைக்கென்று பார்த்து ராய்ஸ் காலையிலேயே வந்து நின்றான். அந்தச் சிக்னல் நினைப்பில் தூக்கமே வரவில்லை என்றான். வெர்னனுக்கும் அப்படித் தூக்கம் வராமல் போனதுண்டு என்பதால் சந்தேகப்படவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மேஜைக்கு அடியில் போகிறானே என்று மட்டும் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருப்பான்.

மேலே சமையலறையில் காலடிகள் கேட்டன. ஐரீன் யாரையோ வரவேற்றார்.

"மலைக்குள்ள போ," என்றார் வெர்னன்.

"என்னது?"

அறையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நின்ற மலை, கம்பிவலை மேல் பிளாஸ்டர் பூசிச் செய்தது. உள்ளே வெறும் கூடு. சுரங்கத்துக்குள் ரயில் தடம் புரண்டால் ஒரு ஆள் கீழே தவழ்ந்துபோய் உள்ளே எழுந்து நிற்கலாம், அங்கேயே இருக்கும் வேகக் குமிழால் வண்டியை நகர்த்தவும் செய்யலாம். உச்சி, பானை மூடி மாதிரி கழன்று வரும்.

"அஞ்சே நிமிஷம். சாப்பிட உட்கார வெச்சுடறேன். நீ தோட்டத்து வழியா நழுவிடு."

"வெர்னன், நான் மேலயே வந்துடறேன். அவளைப் பார்த்து நேராப் பேசிடலாம். அதான் நல்லது."

"என்னத்தைப் பேசுவ? அவ புது மாப்பிள்ளையோட வந்திருக்கா."

"மாப்பிள்ளையா?" என்றான் ராய்ஸ். அவன் முகம் ஒருமாதிரி ஆயிற்று. "வெர்னன், அது வந்து—"

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரெண்டு வருஷமா உனக்கு எல்லா ரயிலையும் கொடுத்தேனா இல்லையா? இந்த ஒரு உதவி செய்."

ராய்ஸ் பெருமூச்சு விட்டுத் தவழ்ந்து போனான். மலைக்குள் எதுவோ உரசியது. பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு மலை மலையாக இருந்தது.

வெர்னன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே ஓடினார்.

*

கொலீன் அவரைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவன் உயரமாக, மெலிவாக, கட்டம்போட்ட சட்டையில் இருந்தான். கையில் ஒரு டப்பா பிஸ்கட்.

"அப்பா, இவர் ஃபிலிப். இவர் எங்க—"

"தெரியும், தெரியும்," என்றார் வெர்னன், அவன் கையைப் பிடித்துக் குலுக்கி. "போன்லயே சொல்லிட்டியே. உட்காருங்க தம்பி. சாப்பிடுங்க. ஐரீன், சாப்பாடு போடு."

"இன்னும் அரை மணி ஆகும்," என்றார் ஐரீன். "கறி வேகலை."

"வேகாட்டிப் பரவால்ல."

ஃபிலிப் கூச்சத்தோடு சிரித்தான். "சார், முதல்ல கல்யாணத் தேதி பத்தி உங்க அபிப்பிராயம்—"

"எந்தத் தேதியும் சரிதான். எனக்கு முழுச் சம்மதம்."

கொலீன் அம்மாவைப் பார்த்தாள். ஐரீன் தோளைக் குலுக்கினார்.

"முழுச் சம்மதமா?" என்றாள் கொலீன். "யாருன்னு கூடக் கேக்கலையேப்பா."

"பார்த்தாத் தெரியுதே. நல்ல மனுஷன். பிஸ்கட்டெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கார்."

அப்போதுதான் அவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். தரையில் இருந்த வெப்பக்காற்றுத் துளை வழியாக, சின்ன சக்கரங்கள் ஒரே சீராகத் தடதடக்கும் சத்தம். அவசரத்தில் வெர்னன் மின்சாரத்தை அணைக்கவில்லை. பால் ஏற்றும் குட்டி ரயிலான பால் வண்டி தன்பாட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கீழே யாரு ரயில் விடறா?" என்று கொலீன் கேட்டாள்.

"யாரும் இல்லை. அது தானா ஓடும். இப்ப எல்லாம் தானியங்கி."

"தானா ஓடுமா?" ஃபிலிப்பின் கண்கள் விரிந்தன. "நான் பார்க்கலாமா சார்? சின்ன வயசுல எனக்கு ஒண்ணு வாங்கித் தரவே இல்லை."

வெர்னன் இரண்டு வருடமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருந்தார்.

"இன்னிக்கு முடியாது தம்பி."

"ஏன்ப்பா?"

வெர்னன் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையலறைக் குழாய் கண்ணில் பட்டது.

"தண்ணி," என்றார். "கீழே தண்ணி புகுந்துடுச்சு. குழாய் உடைஞ்சு, கணுக்கால் வரைக்கும் நிக்குது. வழுக்கும்."

ஐரீன் கரண்டியைக் கீழே வைத்தார். "என் வாஷிங் மெஷின் கீழேதான இருக்கு, வெர்ன்?"

"மெஷின் இருக்கிற பக்கம் இல்லை. ரயில் பக்கம் மட்டும்."

"தண்ணி ஒரு பக்கமா நிக்குமா?"

"லேசாத்தான். கணுக்கால்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ஆனால் கொலீன் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மலையடிவாரம் தாழ்வாச்சே," என்றாள். "என் மரமெல்லாம் அங்கதான இருக்கு?"

அவள் படிகளில் இறங்கி ஓடினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. ஃபிலிப் பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். ஐரீன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

வெர்னன் கடைசியாக இறங்கினார். நடுப்படியில் ஒரு நொடி நின்றார். மகள் கீழே போக வேண்டும் என்று அவர் எத்தனையோ முறை வேண்டிக்கொண்டதுண்டு. எந்த நாள் என்றும் குறிப்பிட்டு வேண்டியிருக்கலாம்.

*

தரை காய்ந்து கிடந்தது. பால் வண்டி ஒரு சுற்று முடித்துக் கடந்துபோனது.

"வடிஞ்சிடுச்சு," என்றார் வெர்னன்.

ஃபிலிப் வெறுங்காலால் தரையைத் தொட்டுப் பார்த்தான். "சூடா வேற இருக்கு சார்."

"சுடுதண்ணிக் குழாய்."

ஐரீன் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "மிச்சத்தையும் பார்க்கணும், கொறிக்க ஏதாவது எடுத்துட்டு வரேன்," என்று சொல்லி, மறுபடி மேலே போனார்.

கொலீன் மலையடிவாரத்தில் குனிந்து நின்றாள். ஒரு மரத்தை விரலால் தொட்டாள். "எல்லாம் இருக்கு," என்றாள். பிறகு நிமிர்ந்து, "அப்பா, கீழே வந்ததும் நல்லதாப் போச்சு. இங்கயே சொல்லிடறேன். ராய்ஸ் பத்தி—"

"அந்தப் பேரை எடுக்காதே," என்றார் வெர்னன், குரலை உயர்த்தி. மலை கேட்கட்டும் என்று. "முடிஞ்ச கதை. அவன் முகத்தையே நான் பார்த்து எவ்வளவோ நாளாச்சு."

கொலீன் ஓரடி பின்வாங்கினாள். அவள் கழுத்து சிவந்தது. பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று வெர்னன் வேகக் குமிழ் வைத்த சின்னப் பெட்டியை எடுத்து ஃபிலிப்பின் கையில் திணித்தார்.

"நீங்க ஒரு வண்டி ஓட்டுங்க தம்பி. இந்தப் பயணிகள் வண்டி. இந்த வட்டத்துக்குள்ளயே ஓட்டணும். அந்த நெம்புகோலை மட்டும் தொடாதீங்க. மலைக்குப் போயிடும்."

ஃபிலிப் தலையாட்டினான். வண்டி நகர்ந்தது. அவன் சிரித்த சிரிப்பில் பத்து வயது குறைந்தது. உற்சாகத்தில் முழங்கையால் நெம்புகோலைத் தட்டிவிட்டான்.

வண்டி வளைந்து மலையை நோக்கித் திரும்பியது. வழியில் சிவப்பு சிக்னல். ஃபிலிப் அதை ஓர் அலங்கார விளக்கு என்று நினைத்தான் போலும். வேகத்தைக் கூட்டினான். எதிர்ப்பக்கத்திலிருந்து பால் வண்டி அதே சுரங்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இரண்டும் உள்ளே போயின.

வெர்னன் கண்ணை மூடிக்கொண்டார். இடிக்கும் சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தமுமே கேட்கவில்லை.

சற்றுக் கழித்துப் பால் வண்டி ஒன்றுமே நடக்காதது போல வெளியே வந்தது. அது கடந்து போன பிறகு பயணிகள் வண்டி சுரங்கத்திலிருந்து பின்னோக்கி மெல்ல நகர்ந்து வந்து, சிவப்பு சிக்னலுக்கு ஒரு விரற்கடை பின்னால் அசையாமல் நின்றது. நின்ற தோரணையில் ஒரு கண்டிப்பு இருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றான் ஃபிலிப்.

"தானியங்கி," என்றார் வெர்னன். அவருக்கு வியர்த்திருந்தது. மனதின் ஒரு மூலையில், என்ன அழகாக நிறுத்தினான் என்றும் தோன்றியது.

கொலீன் சுரங்க வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. கோபமா, அழுகையா என்று வெர்னனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரொம்ப நல்ல தானியங்கிப்பா," என்றாள். "எப்ப வாங்கினீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"வியாழக்கிழமையா?"

வெர்னன் பதில் சொல்வதற்குள் மலை தும்மியது.

பழைய பிளாஸ்டர் தூசிக்கு அது நியாயமான தும்மல்தான். இரண்டு மரங்கள் சரிந்து விழுந்தன. மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுமாடு உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது.

"அது என்ன சார்?"

"கரடி," என்றார் வெர்னன்.

"கரடியா?"

"சத்தம் மட்டும். உள்ளே ஒலிபெருக்கி வெச்சிருக்கேன். நம்ம பென்சில்வேனியா மலையில கரடி இல்லாம எப்படி தம்பி?"

"கரடி தும்முமா?"

"குளிர்காலமாச்சே."

ஐரீன் ஒரு தட்டில் வெல்லப்பாகு வைத்துச் சுட்ட பலகாரத் துண்டுகளோடு படியிறங்கி வந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். தனக்கொன்று எடுத்துக்கொண்டார். தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை மலையடிவாரத்தில், சுரங்க வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"அங்க எதுக்கு வெக்கிற?" என்று வெர்னன் பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"கரடிக்கு."

ஃபிலிப் சிரித்தான். வெர்னனும் சிரிக்க முயன்றார். சிரிப்பு வெளியே வரும்போது அழுகை மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம். எல்லோரையும் மேலே கூட்டிப் போய்விட்டால் போதும். கறி வெந்திருக்கும். வேகாவிட்டாலும் தின்று தொலைக்கலாம்.

"சரி, மேலே போகலாமா?" என்றார்.

யாரும் நகரவில்லை. கொலீன் பலகாரத் துண்டைக் கீழே வைத்துவிட்டு, அறையின் கோடிக்கு நடந்து போனாள். அங்கே கன்ட்ரோலர் நாற்காலி இருந்தது. அவள் அதன் முதுகில் கை வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

வெர்னன் அப்படியே நின்றுவிட்டார். ஒரு நொடி மலையையும் மறந்துவிட்டார், உள்ளே இருந்தவனையும் மறந்துவிட்டார். மகளின் தலைக்கு மேலே ஐரீன் வரைந்த வானம் இருந்தது. எழுந்திருக்காமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்தார்.

நாற்காலிக்கு முன்னால் கைப்பிடி சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று. ஊரிலுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் அதிலிருந்து பேசலாம். மலைக்குள்ளும் ஒரு தொலைபேசி உண்டு, உள்ளே போய் ரயிலை நிமிர்த்துபவர் கன்ட்ரோலரிடம் பேசுவதற்காக. மணி அடித்தால், வானமே இடிந்து விழுந்தாலும், எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும். வெர்னனின் ரயில்வேயில் மற்ற எல்லா விதிக்கும் ஏதாவது விலக்கு உண்டு. இதற்கு மட்டும் கிடையாது.

கொலீன் கைப்பிடியைச் சுழற்றினாள்.

மலைக்குள் மணி அடித்தது.

"அது வேலை செய்யாதும்மா," என்றார் வெர்னன். "ஒயர் போயிடுச்சு."

மணி மறுபடி அடித்தது. நன்றாகவே வேலை செய்தது.

"எடுக்காதே," என்றார் வெர்னன், மலையிடம்.

ஃபிலிப் அவரைத் திரும்பிப் பார்த்தான். ஐரீன் படியில் உட்கார்ந்து, பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார், படம் ஆரம்பிக்கப் போவது போல.

மூன்றாவது முறை மணி அடித்தபோது ராய்ஸால் தாங்க முடியவில்லை. அவன் நல்ல கன்ட்ரோலர். நல்ல கன்ட்ரோலர்களுக்கு இந்த ஒரு பலவீனம் உண்டு.

"மலை நிலையம்," என்றது மலை. குரல் தொலைபேசியிலும் வந்தது, பிளாஸ்டர் வழியாகவும் வந்தது. "பாதை தெளிவா இருக்கு. தண்டவாளத்துல ஒரு மாடு மட்டும் கிடக்கு."

"மலை நிலையம்," என்றாள் கொலீன். "வெளியே வரலாம்."

மலையின் உச்சி மெதுவாக மேலே எழுந்தது. அதன் அடியில் ராய்ஸின் தலை வந்தது. முடியெல்லாம் பச்சைத் தூள். காதோரம் ஒரு சின்ன மரம் செருகியிருந்தது. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

"ஹலோ, கொலீன்," என்றான்.

"ஹலோ, ராய்ஸ்."

வெர்னன் இரண்டு கைகளையும் தூக்கினார், போக்குவரத்தை நிறுத்துபவர் போல.

"கொலீன், அவனை ஒண்ணும் சொல்லாதே. என் வேலைதான் எல்லாம். ரெண்டு வருஷமா வியாழக்கிழமையானா நான்தான் கூப்பிடறேன். அவன் வரமாட்டேன்னுதான் சொன்னான். ஒரு தடவை சொன்னான். நீ இல்லாத நாற்காலியைப் பார்த்துட்டுத் தனியா ரயில் விட என்னால முடியலைம்மா. அவன் இருந்தா, நீயும் எங்கயோ மேலதான் இருக்கிற மாதிரி இருக்கும். இனிமே வரமாட்டான். உனக்கு வேண்டாம்னா சொல்லு, இந்த மலையையே இன்னிக்குப் பிரிச்சுப் போட்டுடறேன். நீ மட்டும் கோவிச்சுக்கிட்டுப் போயிடாதே."

கொலீன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கண்களில் நீர் நின்றது. வெர்னனுக்கு அதைப் பார்க்கத் தாளவில்லை. எல்லாம் கெட்டது கெட்டது, இந்தச் சம்பந்தமாவது நிலைக்கட்டும் என்று ஃபிலிப்பின் பக்கம் திரும்பினார். அவன் சுருட்டிய பேன்ட்டோடு, வெறுங்காலோடு, ஒரு கையில் வேகக் குமிழும் மறு கையில் பலகாரமுமாக நின்றான்.

"தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. இவன் வெறும் சிக்னல் பார்க்கிறவன். என் பொண்ணுக்கும் இவனுக்கும் இப்ப ஒரு சம்பந்தமும் இல்லை. உங்க கல்யாணத்துக்கு இவனால எந்தத் தொந்தரவும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

மலை உச்சியைத் தலையில் சுமந்தபடி ராய்ஸ் கூரையைப் பார்த்தான். "நான் காலையிலேர்ந்து சொல்லப் பார்க்கிறேன்," என்றான், யாரிடமும் இல்லாமல்.

ஃபிலிப் வேகக் குமிழை நிதானமாக மேஜையில் வைத்தான். பலகாரத்தை வைத்தான். விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தான். வெர்னனைப் பார்த்தான், பிறகு மலையைப் பார்த்தான்.

"சார், நான் இவங்க ரெண்டு பேரும் வர்ற சர்ச்சோட பாஸ்டர்," என்றான். "மாப்பிள்ளை இந்த வீட்டுலதான் இருப்பார்னு கொலீன் சொன்னாங்க, மலைக்குள்ள இருப்பார்னு சொல்லலை."